கத்தரிப்பூ நிறத்தில் அத்தை

அத்தியாயம் 17

போன வாரம் கலைமணியைக் கூடத்தில் அம்போவென்று நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். மூடி வைத்திருந்த படத்தின் துணியை லேசாக விலக்கிப் பார்த்தாள், பார்த்த வேகத்தில் மூடினாள், "ஐயோ, அப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படி என்னதான் பார்த்தாள் என்று ஒரு வாரமாக என்னை வைதுகொண்டிருப்பீர்கள். சொல்லிவிடுகிறேன்.

அவள் பார்த்தது மாமியார் தில்லையம்மாளை. அச்சு அசல் அதே மூக்கு, அதே மூக்குத்தி, ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட அதே உதடு. கூப்பிட்டால் "என்னாடி கலை?" என்று கேட்டுவிடுவாள் போல இருந்தது. ஆனால் முகம் மட்டும் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

கன்னத்தில் கத்தரிப்பூ. கழுத்தில் முற்றிய கத்தரிக்காய். மூக்குக்குக் கீழே மை கொட்டினாற்போல ஒரு நீலம்.

தில்லையம்மாள் போய்ச் சேர்ந்து நாளையோடு ஒரு வருஷம். நாளைக் காலை தெவசம் முடிந்த கையோடு இந்தச் சிதம்பரத்து வீட்டில் படத்திறப்பு. குமராட்சியிலிருந்து தில்லையம்மாளின் அண்ணன் தம்பிகள் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். படத்தை வரைந்ததும் வெளியாள் இல்லை. கலைமணியைப் பெற்ற அப்பா, தேவநாதன். கடலூர் முதுநகரில் டிராயிங் மாஸ்டர் வீடு என்று சொன்னால் போதும், எந்த ஆட்டோக்காரரும் விலாசம் கேட்காமல் கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

இன்று காலை டிபனுக்கு உட்கார்ந்த அவள் கணவன் சேரன், உப்புமாவை வாயில் வைத்ததும் நிமிர்ந்தான்.

"என்னா கலை, உப்பளத்துக்கே போய் அள்ளிக்கிட்டு வந்தியா?"

"ரெண்டு தடவ போட்டுட்டேன் போலருக்குது. வச்சுடுங்க, தோசை ஊத்தித் தரேன்."

"உப்புமா கெடக்கட்டும். ராத்திரியெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தியே, என்னா சேதி?"

கலைமணி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். மாமனார் பேப்பர் வாங்கப் போயிருந்தார். கணவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் துணியை விலக்கிக் காட்டினாள்.

சேரன் முதலில் சிரித்துவிட்டான். அப்புறம்தான் நிற்பது அம்மா என்று மண்டையில் ஏறியது போலும். சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்கம்மா கருப்பு கலை. நல்ல கருப்பு. இது... இது என்னா நெறம்?"

"அதாங்க எனக்கும் தெரியல."

"நம்ம கல்யாண ஆல்பம் ஞாபகம் இருக்குதா?"

அதை எப்படி மறப்பாள்? ஸ்டுடியோக்காரன் தில்லையம்மாளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, படத்துக்குப் படம் அவள் முகத்தை வெளுத்துக் கொடுத்திருந்தான். தில்லையம்மாள் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாருடி இந்த வெள்ளைக்காரி, என் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு நிக்கறா?" என்றாள். வீடே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்த நாளிலிருந்து நிறத்தைப் பற்றி ஊர் சொல்லக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட மனசு அது. போட்டோ என்றால் பின்வரிசையில் போய் ஒளிந்து நின்றே பழக்கப்பட்டவள்.

அன்றைக்குத்தான் சம்பந்தியிடம் வாய்விட்டுக் கேட்டாள். "சம்பந்தி, நாளைக்கு நான் செத்துப்போனா என் படத்தை நீங்கதான் போடணும். நெறத்தை மட்டும் மாத்திப்புடாதீங்க. உசுரோட இருக்கறப்ப ஆளாளுக்கு மாத்துனானுவ. போன பொறவாச்சும் நான் நானா இருக்கறேன்."

"என் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது சம்பந்தி" என்றார் தேவநாதன்.

வாய்ப்பேச்சுக்குச் சொன்னதில்லை அது. திட்டக்குடி, குமராட்சி, கடைசியில் கடலூர் என்று மூன்று ஊரில் டிராயிங் மாஸ்டராக வேலை பார்த்தவர் தேவநாதன். டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார்கள் பிடுங்கிக்கொண்டது போக மிச்சம் கிடைத்த நேரத்தில் பாடம் நடத்தினார்; ஞாயிற்றுக்கிழமைகளில் மனுஷ முகங்களை வரைந்தார். திட்டக்குடியில் ஒரு பெரிய பண்ணைக்காரர், "அப்பாவைக் கொஞ்சம் கலராப் போடுங்க மாஸ்டர்" என்றாராம். "அப்படின்னா வேற அப்பா போட்டோ கொண்டாங்க" என்று பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். அவ்வளவு ரோசம்.

கருப்பு நிறத்துக்குக் கருப்பு பெயிண்டைத் தொடவே கூடாது என்பது அவர் கட்சி. பிரவுனில் நீலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்துத்தான் கருப்பை எடுக்க வேண்டும். அப்போதுதான் தோலில் உயிர் இருக்கும் என்பார். அவரிடம் படித்த அத்தனை பேரும் இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் கையிலிருந்து இப்படி ஒரு முகமா? அதுவும் இந்த முகமா?

"இன்னிக்கு அவரு வராரில்ல?" என்றான் சேரன்.

"மத்தியான வண்டியில. படத்துக்குக் கீழ பேரு எழுத."

"ஒண்ணு பண்ணு. துணியை எடுக்கவுடாமப் பாத்துக்க. சாயந்திரத்துக்குள்ள போன்ல இருக்கற போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டாந்துடறேன்."

"எங்கப்பா கண்ணு முன்னாடியேவா? அதுக்கு அவரை நாலு சாத்து சாத்திடலாம்."

"அப்படின்னா நீயே அவருகிட்டச் சொல்லிடு."

"என்னான்னு சொல்றது? காலமெல்லாம் எந்தக் கையால எங்களுக்குச் சோறு போட்டியோ, அந்தக் கை கெட்டுப்போச்சுப்பான்னா?" அவள் துணியை இழுத்துப் படத்தை மூடினாள். "எனக்கு நெறம் கூடப் பெருசா இல்லைங்க. அவருக்கு உள்ள என்னமோ ஆயிடுச்சு. அதான் பயமா இருக்குது."

இன்னொன்றும் அவளை அரித்துக்கொண்டிருந்தது. படத்தை இங்கே அனுப்புவதற்கு முன்னால் அவள் அம்மா பவானி, போனில் திரும்பத் திரும்ப ஒரே பாட்டைப் பாடினாள்: "ஃப்ரேமை முதுநகர்லயே போட்டு அனுப்பிடறேனே, எப்பவும் போடற கடைதானே." மாமனாரோ தேக்குச் சட்டத்தை இங்கே தன் தச்சரிடம் சொல்லி வைத்திருந்தார். ஃப்ரேமுக்காக அம்மா ஏன் அவ்வளவு மல்லுக்கட்டினாள்?

யோசிக்க நேரமில்லை. ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள்.

தேவநாதன் பிரஷ்கள் வைத்த துணிப்பையோடு வண்டியிலிருந்து இறங்கினார். மகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் வந்ததும் சுருங்கியது.

"என்னாம்மா இது, நாளும் கெழமையுமா கருப்புப் புடவை?"

கலைமணி குனிந்து பார்த்தாள். "நீலம்ப்பா. ராமர் நீலம். நீ எடுத்துக் குடுத்ததுதானே."

"நீலமா?" கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடி பார்த்தார். "வெயில்ல அப்படித் தெரியுது போல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

வழியெல்லாம் அவள் வாயைத் திறக்கப் பார்த்தாள். "அப்பா..." என்பாள். "சொல்லும்மா" என்பார். "ஒண்ணுமில்ல" என்பாள். கோயில் வீதி திரும்பும்போது அவரே பேச ஆரம்பித்தார்.

"இந்தப் படத்துக்குப் பட்ட பாடு எந்தப் படத்துக்கும் பட்டதில்ல கலை. தில்லையம்மா நெறத்தை விட்டுடக் கூடாதுன்னு, காய வச்சுக் காய வச்சுத் திரும்பத் திரும்பப் போட்டேன். உங்க மாமா என்னா சொல்லுவாரோன்னுதான் இருக்குது."

அதைக் கேட்ட பிறகு எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? கலைமணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் மாமனார் ராஜாமணி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் துணி போர்த்திய படம். ராஜாமணி பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் காக்கி போட்ட வெறுப்போ என்னமோ, ரிட்டயர் ஆன மறுநாளிலிருந்து வெள்ளையைத் தவிர எதையும் தொடமாட்டார். பேச்சு டிக்கெட் கிழிக்கிற மாதிரிதான். கேட்டால் ஒன்று வரும்.

சாப்பாடு முடிந்தது. தேவநாதன் கையைத் துடைத்துக்கொண்டே நேராகப் படத்துக்குப் போனார்.

"கலை, அந்த ஜன்னலைத் தொற. வெளிச்சம் வேணும்."

"அப்பா, செத்த படுத்து எந்திரியேன். வெயில்ல வந்திருக்க."

"நான் என்னா நோயாளியா?"

"ஒரு வாய் காபி..."

"இப்பதானே மோர் குடிச்சேன்? என்னாடி ஆச்சு உனக்கு?"

"வுடும்மா" என்றார் ராஜாமணி. "நான் நேத்தே பாத்துட்டேன்."

கலைமணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நீ பாத்துட்டு மூடுனதையும் பாத்தேன்" என்று சேர்த்துக்கொண்டார் ராஜாமணி.

தேவநாதனுக்கோ முகமெல்லாம் ஆசை. "பாத்துட்டீங்களா சம்பந்தி? எப்படி இருக்குது?" பரீட்சைத்தாள் வாங்க நிற்கும் பையனைப் போல நின்றார். அதைப் பார்க்க முடியாமல் கலைமணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜாமணி எழுந்து தன் அறைக்குப் போனார். இரண்டு வேட்டிகளோடு திரும்பி வந்தார். இரண்டையும் ஜன்னலோரம் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார்.

"இதுல எது சம்பந்தி வெள்ளை?"

"என்னா, டிராயிங் மாஸ்டருக்கே பரீட்சையா?" தேவநாதன் சிரித்தார். கிட்டே போய்க் குனிந்தார். தயக்கமே இல்லாமல் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதுதான். பளிச்சுன்னு இருக்குது பாருங்க. அது பழுப்பு. தொவைச்சவங்க சரியா அலசல."

கலைமணி மூச்சை இழுத்துக்கொண்டாள்.

அவர் பழுப்பு என்று தள்ளியது, கடையிலிருந்து வந்து இன்னும் தண்ணீரே படாத புது வேட்டி. அவர் கையில் பளிச்சென்று பிடித்திருந்தது நீலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சட்டை இருக்குமே, அந்த நீலம்.

தேவநாதன் மகளின் முகத்தைப் பார்த்தார். "என்னா கலை?"

"அப்பா... அது நீலம்ப்பா."

"யாருகிட்டச் சொல்ற?" குரல் உயர்ந்தது. "ஆயுசு பூரா நெறத்தோட பொழங்குனவன்கிட்ட வந்து... என்னா சம்பந்தி இது? படம் புடிக்கலன்னா நேரா சொல்லிடணும். கூப்புட்டு வச்சு வெளையாடறீங்களா?" துணிப்பையை எடுத்தே விட்டார்.

"உக்காருங்க சம்பந்தி."

"வேணாம். அடுத்த வண்டிக்கே..."

"உக்காருங்கன்னா உக்காருங்க!"

ராஜாமணி சத்தம் போட்டுக் கலைமணி கேட்டதே இல்லை. தேவநாதனும் திகைத்துப்போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் ராஜாமணி பேசினார் பாருங்கள், ஒரு வருஷத்துப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்தவர் மாதிரி பேசினார்.

"கலை இந்த வூட்டுக்கு வரதுக்கு முன்னாடி எனக்கும் இதேதான் ஆச்சு. கட்டுற வேட்டியெல்லாம் பழுப்பா தெரிஞ்சுது. தில்லையைக் கத்துவேன். ஒரு வேட்டி தொவைக்கத் துப்பு இல்லையான்னுவேன். அவ ஒண்ணும் பேசமாட்டா. மறுநாள் சொட்டு நீலத்தை ஒரு சொட்டு ஜாஸ்தி வுடுவா. அப்பவும் பழுப்பும்பேன். இன்னும் ரெண்டு சொட்டு வுடுவா. கடைசில ஒருநாள் பளிச்சுன்னு ஆச்சு. அட, இன்னிக்குத்தான்டி ஒழுங்கா தொவைச்சிருக்கன்னேன்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் கண்ணுல பொரைன்னு ஆப்பரேஷன் பண்ணாங்க. கட்டு பிரிச்சு வூட்டுக்கு வந்து கொடியப் பாக்கறேன், என் வேட்டி அம்புட்டும் நீலம்! அதைக் கட்டிக்கிட்டுத்தான் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போயிருக்கேன். தெருவே பாத்திருக்குது. ஏன்டி ஒரு வார்த்தை சொல்லலன்னு கேட்டேன். உன் கண்ணுக்கு வெளுப்பா இருந்தாப் போதும்யா, ஊரு கண்ணுக்கு எப்படி இருந்தா என்னான்னுட்டா."

ராஜாமணி அந்த நீல வேட்டியைக் காட்டினார்.

"மத்ததையெல்லாம் அலசி வெளுத்தாச்சு. இந்த ஒண்ணை மட்டும் தண்ணியில போடாம வச்சிருக்கேன். அவ கையால வுட்ட நீலம். நேத்து துணியை எடுத்துப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல சம்பந்தி. உங்க கண்ணுல பொரை வுழுந்திருக்குது, நீலம் கண்ணுல ஏற மாட்டேங்குது. அவ்வளவுதான்."

தேவநாதன் நீல வேட்டியை மடியில் போட்டுக்கொண்டார். தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்படின்னா... கண்ணுதானா?"

"கண்ணுதான்."

"கை இல்லையா?"

"கைக்கு என்னா கேடு? மூக்கையும் ஒதட்டையும் பாத்தேனே. அவளேதான்."

தேவநாதனின் முகம் கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கலைமணிக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"ஒரு வருஷமா நெறம் எனக்கு அடங்கல சம்பந்தி. எவ்வளவு நீலத்தைக் குழைச்சாலும் கெணத்துல போட்ட கல்லாட்டம் காணாமப் போவுது. ட்யூப்ல கலப்படம்னு கடைக்காரன்கிட்டச் சண்டைக்குப் போனேன். அப்புறம் எனக்கே பட்டுப்போச்சு. தேவநாதா, உன் கை போயிடுச்சுடா, அம்புட்டுத்தான்டா நீன்னு. பவானிகிட்டக் கூடச் சொல்லல. சம்பந்தியம்மாவுக்குக் குடுத்த வாக்கை மட்டும் காப்பாத்திட்டு, இந்தப் படத்தோட பிரஷ்ஷைக் கழுவிப் பரண்ல போட்டுடலாம்னுதான் வந்தேன்."

"அப்பா!" கலைமணி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி பூரா நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி வாசலில் வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. "கண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணிடலாம்ப்பா. அரை நாள் வேலை."

"வலிக்குமா?" என்றார் அவர், சட்டென்று சின்னப் பிள்ளையாகி.

"கொசுக்கடி" என்றார் ராஜாமணி. "டாக்டரு பாட்டுப் போட்டுக்கிட்டே பண்ணிட்டாரு. எனக்குப் பாட்டுதான் புடிக்கல."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்பு கேட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் தேவநாதன் எழுந்து துணியை விலக்கினார். படத்தைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இப்பவும் எனக்கு இவுங்க நல்ல கருப்பாத்தான் தெரியறாங்க. எங்க தப்புன்னே தெரியாம எப்படித் திருத்துவேன்?"

"நாங்க சொல்றோம்ப்பா."

"நீ பிரஷ் புடிச்சதே இல்லையே கலை."

"கண்ணு இருக்குதுல்ல?"

போன் போட்டதும் சேரன் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவந்தான். அம்மாவின் நிறம் அப்படியே அவனுக்குத்தான். "மாப்ள, சட்டையைக் கழட்டுங்க" என்றார் தேவநாதன். இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். நீல ட்யூபை ராஜாமணியிடம் கொடுத்து, "இதை என் கண்ணுல காட்டாதீங்க" என்றார். ராஜாமணி அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டார்.

தட்டில் பிரவுனைக் குழைத்தார். "இது?"

கலைமணி கணவனின் கையைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள். நிறத்துக்குப் பேர் சொல்ல அவளுக்கு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"இது வறுத்த மல்லிப்பா. அத்தை இன்னும் கருப்பு."

இன்னும் அடர்ந்த பிரவுனைக் கொஞ்சம் சேர்த்தார். "இப்ப?"

"கருப்பட்டி. கிட்ட வந்துட்ட."

"இப்ப?"

"பழைய புளி! பானையில உப்புப் போட்டு வச்ச பழைய புளி. இதாம்ப்பா!"

"டிராயிங் காலேஜ்ல கூட இப்படிச் சொல்லித் தரலியே" என்றபடி தேவநாதன் பிரஷ்ஷைத் தோய்த்தார். மெல்லிசாகக் கன்னத்தில் இழுத்தார். கத்தரிப்பூ ஓரத்திலிருந்து மறைய ஆரம்பித்தது.

"மாமா, கை மரத்துப்போச்சு" என்றான் சேரன்.

"அசையாதீங்க மாப்ள. உங்கம்மா கழுத்து வேலை பாக்கி இருக்குது."

"மூக்கு அரிக்குது மாமா."

கலைமணி போய் அவன் மூக்கைச் சொறிந்துவிட்டாள். ராஜாமணி பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் சாய்வதற்குள் வேலை முடிந்தது. தேவநாதன் பின்னால் நகர்ந்து, படத்தைப் பார்க்காமல், சம்பந்தியின் முகத்தைப் பார்த்தார். இன்றைக்கு அவருக்கு அந்த முகம்தான் கண்ணாடி.

ராஜாமணி படத்துக்கு முன்னால் வந்து நின்றார். நாற்காலியில் தில்லையம்மாள் கருப்பாக, களையாக, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா தில்லை?" என்றார். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டார்.

தேவநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "பெயிண்ட் ஈரம் சம்பந்தி. நாளைக்கு மாலை படத்து மேல படக் கூடாது. சந்தனப் பொட்டும் ஆவாது. ஸ்டூல் போட்டு முன்னாடி வச்சுடுங்க."

"ஆவட்டும். மாலை போட்டாலே கழுத்து வலிக்குதும்பா அவ."

காபி வந்தது. பலகாரம் வந்தது. கண் ஆஸ்பத்திரிக்கு எப்போது போவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் தேவநாதன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கலை, இந்த ஒரு வருஷமா நான் போட்ட மத்த படமெல்லாம்?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சேரன்தான் போனை எடுத்தான். "மெடிக்கல் ஷாப் கதிர்வேல் படத்திறப்புக்குப் போனோமே மாமா. தீபாவளிக்கு முன்னாடி நீங்க போட்டது. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்." தேடிப் பிடித்துக் காட்டினான்.

கலைமணி எட்டிப் பார்த்தாள். கதிர்வேல் மாநிறமாக, லட்சணமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நீலத்தின் வாடையே இல்லை.

"இது நல்லாத்தான் இருக்குது" என்றார் ராஜாமணி.

"அப்பாடா!" என்றாள் கலைமணி.

தேவநாதன் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். விரலால் பெரிசாக்கினார். நெற்றியைப் பார்த்தார். கன்னத்துக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"மூக்கு, கண்ணு எல்லாம் நான் போட்டது. கன்னம் என்னுது இல்ல."

"என்னாப்பா சொல்ற?"

"நெறம் தெரியாதுன்னா பிரஷ்ஷோட இழுப்பு கூடவா தெரியாது? இது அந்தப் பக்கத்துலேருந்து இந்தப் பக்கம் இழுத்திருக்குது. எடது கைக்காரங்க இழுப்பு. என் படத்து மேல யாரோ ஒருத்தர் கை வச்சிருக்காங்க."

கலைமணிக்கு ஃப்ரேம் கடை ஞாபகம் வந்தது. எப்பவும் போடற கடைதானே என்று அம்மா மன்றாடியது ஞாபகம் வந்தது. அப்பா வரைந்ததெல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது, இது ஒன்றைத் தவிர. போனை எடுத்து முதுநகர் வீட்டுக்குப் போட்டாள். மனசில் இருந்த படபடப்பில் விரல் ஸ்பீக்கரில் பட்டதைக் கவனிக்கவில்லை.

"கலை!" எடுத்த எடுப்பில் பவானியின் குரல். "படத்தைத் தொறந்துட்டீங்களா? முகம் என்னா நெறத்துல இருக்குது?"

"இப்ப சரியா இருக்குதும்மா. திருத்தியாச்சு. அப்பாவுக்குக் கண்ணுல பொரையாம்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு. "மாரியாத்தா... பொரைதானா? நான் என்னென்னமோ நெனச்சுப் பயந்து செத்துக்கிட்டு இருந்தேன்டி."

"அம்மா, ஃப்ரேம் கடையில அப்பா படத்தை யாரும்மா திருத்துறாங்க?"

பவானி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கடையில இருக்கற பொண்ணு, நான்தான் திருத்தச் சொன்னேன். காலையில தெவசத்துக்கு வரும்போது அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வரேன். அதுவரைக்கும் அப்பாவுக்குத் தெரியவேணாம். அவரு ரோசக்காரரு" என்றாள்.

கூடத்தில் நான்கு பேரும் அதைக் கேட்டார்கள். கலைமணி பயந்துபோய் அப்பாவைப் பார்த்தாள்.

தேவநாதனின் முகத்தில் ரோசம் இல்லை. கதிர்வேலின் கன்னத்தை இன்னொரு தரம் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"பவானி, அந்தப் பொண்ணு வரும்போது அதோட பிரஷ்ஷையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. இங்க கழுத்துல ஒரு எடம் எனக்குத் திருப்தியா இல்ல."

பவானிக்குப் பக்கத்திலிருந்து வேறொரு குரல், அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னது:

"சரிங்க சார்."